பென்ஷன் உறைந்துபோனால் என்ன ஆகும்? லண்டனிலிருந்து வடக்கனந்தல் வரை ஒரு கணக்கு

2000-ம் ஆண்டில் பிரிட்டன் அரசு கொடுத்த முழு அடிப்படை ஓய்வூதியம் வாரத்துக்கு 67.50 பவுண்டு. அந்த வருஷம் ஓய்வு பெற்று பிரிட்டனிலேயே இருந்துவிட்டவருக்கு அது படிப்படியாக ஏறி, 2025 ஏப்ரலில் 176.45 பவுண்டு ஆனது. அதே வருஷம் ஓய்வு பெற்று இந்தியாவுக்கு வந்து குடியேறியவருக்கு எவ்வளவு? அதே 67.50 பவுண்டுதான். 25 வருஷத்தில் ஒரு பென்னிகூட ஏறவில்லை.

இருவரும் ஒரே அளவு உழைத்திருக்கலாம். ஒரே தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றிருக்கலாம். சம்பளத்தில் இருந்து ‘நேஷனல் இன்ஷூரன்ஸ்’ என்ற சந்தா இருவருக்கும் ஒரே விகிதத்தில்தான் பிடிக்கப்பட்டது. வித்தியாசம், ஓய்வுக்குப் பிறகு எந்த ஊரில் வீடு என்பது மட்டுமே. இதைத்தான் ‘உறைந்த பென்ஷன்’ என்கிறார்கள். வெளிநாட்டில் வாழும் ஏறக்குறைய நாலரை லட்சம் பிரிட்டன் ஓய்வூதியர்கள் இந்த நிலையில் இருக்கிறார்கள். அவர்களில் 10-ல் 9 பேர் காமன்வெல்த் நாடுகளில், அதாவது ஒரு காலத்தில் பிரிட்டன் ஆண்ட நாடுகளில் வாழ்பவர்கள்.

பவுண்டுல பென்ஷன் வாங்குறவங்களுக்கு என்ன குறை என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

2000-ல் ஒரு பவுண்டு சுமார் 68 ரூபாய். வாரம் 67.50 பவுண்டு என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 20,000 ரூபாய். அன்றைக்கு தமிழ்நாட்டில் அது பெரிய பணம். 2025-ல் பவுண்டு 115 ரூபாய்க்குப் பக்கம் நின்றது. அதே 67.50 பவுண்டு இப்போது மாதம் 33,600 ரூபாய். ஏறியிருக்கிறதே என்றால், ஏறியது பவுண்டின் மதிப்பு, பென்ஷன் ஏறவில்லை. இதே 25 வருஷத்தில் இந்தியாவில் விலைவாசி சுமார் நான்கு மடங்காகிவிட்டது. அன்றைய 20,000 ரூபாய்க்கு வாங்கியதை இன்று வாங்க 80,000 வேண்டும். பென்ஷன் உறையாமல் இருந்திருந்தால் மாதம் ஏறக்குறைய 88,000 ரூபாய் வந்திருக்கும். அதாவது, முறைப்படி ஏற்றியிருந்தால் விலைவாசியைக் கிட்டத்தட்ட சரியாகத் தாண்டியிருக்கும். ஏற்றாததால் வாங்கும் சக்தி பாதிக்கும் கீழே போய்விட்டது.

முதியவர்களுக்கு இது வெறும் எண் இல்லை. 65 வயதில் ஓய்வு பெறும்போது உடம்பு ஓரளவு நன்றாக இருக்கும், பணமும் போதும். 85, 90 வயதில் மருந்துச் செலவு, கூடவே ஆள் வைத்துக்கொள்ளும் செலவு எல்லாம் சேரும். அப்போதுதான் பணத்தின் மதிப்பு அடிமட்டத்துக்கு வந்திருக்கும். செலவு கூடும் வயதில் வருமானம் சுருங்கும்படி அமைந்த ஏற்பாடு இது.

யார் இவர்கள்?

‘தி பெஸ்ட் எக்ஸாட்டிக் மேரிகோல்ட் ஹோட்டல்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு, இந்தியாவில் ஓய்வுக்காலம் கழிக்கும் பிரிட்டிஷ்காரர் என்றதும் ஜூடி டென்ச்சும் மேகி ஸ்மித்தும் நினைவுக்கு வரலாம். ஆனால் நிஜத்தில் இந்தியாவில் வெளிநாட்டு முதியவர்களுக்கென்று தனி ஓய்வுக்கால விசா கிடையாது. இங்கே நிரந்தரமாக வந்து தங்க முடிகிறவர்களில் பலர் இந்திய வம்சாவளியினர். 1950, 60, 70-களில் பிரிட்டன் ஆள் பற்றாக்குறையில் தவித்தபோது அங்கே போய் தொழிற்சாலையிலும், பஸ்ஸிலும், அரசு மருத்துவமனைகளிலும் வேலை பார்த்தவர்கள். வயசான காலத்தில் சொந்த மண்ணில் இருக்கலாம் என்று ஓ.சி.ஐ அட்டையோடு திரும்பியவர்கள். அவர்கள் கையில் இருப்பதும் பிரிட்டிஷ் பென்ஷன்தான். உறைந்ததும் அதுதான்.

எந்த நாட்டில் உறையும், எந்த நாட்டில் உறையாது என்ற பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். ஐரோப்பிய நாடுகள், சுவிட்சர்லாந்து, அமெரிக்கா, துருக்கி, இஸ்ரேல், பிலிப்பைன்ஸ், ஜமைக்கா, பார்படாஸ், மொரீஷியஸ் ஆகியவற்றில் ஆண்டுதோறும் ஏறும். இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகியவற்றில் ஏறாது. நயாகரா அருவிக்கு அமெரிக்கப் பக்கம் வீடு இருந்தால் ஏறும். எதிர்க்கரையில் கனடாவில் இருந்தால் ஏறாது. இருநாட்டு ஒப்பந்தம் இருக்கும் இடத்தில் மட்டும் ஏற்றுவோம் என்பது பிரிட்டன் சொல்லும் விதி. சரி, ஒப்பந்தம் போடலாமே என்றால் அதற்கும் தயாராக இல்லை. இதில் வெறுத்துப்போன ஆஸ்திரேலியா, 2001-ல் பிரிட்டனுடனான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டது.

இன்னொரு விசித்திரம். உறைந்த பென்ஷன்காரர் பேரப்பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போனால், அங்கே இருக்கும் நாட்களுக்கு மட்டும் இன்றைய முழுத் தொகையைக் கேட்டு வாங்கலாம். சென்னைக்குத் திரும்பியதும் பழைய தொகைக்கே இறங்கிவிடும்.

பொருளாதாரம் சரியும்போது

நல்ல காலத்தில் இந்தக் குறை அதிகம் தெரியாது. சரிவு வரும்போதுதான் வெளியே வரும். 2008 நிதி நெருக்கடி அதற்கு நல்ல உதாரணம்.

அப்போது அதிகம் பேசப்பட்டவர்கள் ஸ்பெயின் கடற்கரையில் வீடு வாங்கிக் குடியேறிய பிரிட்டிஷ் ஓய்வூதியர்கள். அவர்களுக்கு பென்ஷன் உறையவில்லை, வருஷா வருஷம் ஏறியது. ஆனாலும் அடி விழுந்தது. 2007-ல் ஒரு பவுண்டுக்கு 1.40 யூரோவுக்கு மேல் கிடைத்தது. 2008 டிசம்பர் கடைசியில் ஒரு யூரோவுக்குச் சற்று மேலே வந்து நின்றது. பென்ஷன் அதே பவுண்டு, மளிகைக் கடையில் விலை யூரோ. 2009 மார்ச்சில் பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டி விகிதத்தை 0.5 சதவீதமாக்கியதும் டெபாசிட் வட்டியை நம்பியவர்களுக்கு அதுவும் போனது. வீட்டை விற்றுவிட்டு ஊர் திரும்பலாம் என்றால் ஸ்பெயினில் வீட்டு விலையும் சரிந்துவிட்டது. ஐஸ்லாந்தின் லாண்ட்ஸ்பாங்கி வங்கியின் லக்சம்பர்க் கிளை நிறுவனத்தில் வீட்டை அடமானம் வைத்துப் பணம் வாங்கியிருந்த முதியவர்கள், அந்த வங்கியே மூழ்கியதும் வீட்டைக் காப்பாற்றப் பல வருஷம் அலைந்தார்கள்.

இந்தியாவில் இருந்தவர்களுக்கு அப்போது என்ன ஆனது என்பதை யாரும் பெரிதாக எழுதவில்லை. 2007-ன் கடைசியில் 80 ரூபாய்க்குப் பக்கம் இருந்த பவுண்டு, 2009-ன் தொடக்கத்தில் 70 ரூபாயை ஒட்டி வந்துவிட்டது. அதே சமயம், 2009-10-ல் இங்கே உணவுப் பொருள் விலை ஏற்றம் இரட்டை இலக்கத்தைத் தொட்டது. துவரம் பருப்பு விலையைக் கேட்டு வீடுகள் அதிர்ந்த காலம் அது. ஸ்பெயினில் இருந்தவருக்கு ஒரு பக்க அடி. இங்கே மூன்று பக்கம்: பவுண்டு இறங்கியது, பருப்பு ஏறியது, பென்ஷன் நகரவே இல்லை.

தலைகீழாகவும் நடக்கலாம். 2022-ல் இலங்கைப் பொருளாதாரம் நொறுங்கியபோது அந்நாட்டு ரூபாய் சில மாதங்களில் பாதி மதிப்புக்குப் போனது. பவுண்டில் பென்ஷன் வாங்கியவர்களுக்கு கையில் ரூபாய் கூடியது. ஆனால் செப்டம்பரில் விலைவாசி ஏற்றம் 70 சதவீதத்தை எட்டியது. பெட்ரோலுக்கு கியூ.ஆர் கோடு, நாள் கணக்கில் வரிசை, மணிக்கணக்கில் மின்வெட்டு, மருத்துவமனைகளில் மருந்துத் தட்டுப்பாடு. நோட்டு இருந்தும் வாங்கப் பொருள் இல்லை. அதைவிட மோசமான நிலை, இலங்கை ரூபாயிலேயே குறிப்பிட்ட தொகையைப் பென்ஷனாக வாங்கிய உள்ளூர் முதியவர்களுக்கு. அவர்கள் பணம் ஒரே வருஷத்தில் கண் முன்னால் கரைந்தது.

ஏன் மாற்றவில்லை?

பணம் இல்லை என்பது ஒரு பதில். ஆனால் அதே பிரிட்டன், தன் நாட்டுக்குள் இருக்கும் முதியவர்களுக்கு ‘ட்ரிபிள் லாக்’ என்று ஒரு உறுதி கொடுத்திருக்கிறது. விலைவாசி ஏற்றம், சராசரி சம்பள உயர்வு, 2.5 சதவீதம் என்ற மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு ஒவ்வொரு ஏப்ரலிலும் பென்ஷன் ஏறும். 2023-ல் 10.1 சதவீதம், 2024-ல் 8.5 சதவீதம், 2025-ல் 4.1 சதவீதம் ஏறியது. உள்ளே இருப்பவருக்கு மூன்று பூட்டுப் போட்டுப் பாதுகாப்பு. வெளியே இருப்பவருக்குக் கதவே இல்லை.

வழக்கும் போட்டுப் பார்த்தார்கள். தென்னாப்பிரிக்காவில் குடியேறிய எழுத்தாளர் ஆனெட் கார்சன், பாகுபாடு என்று நீதிமன்றம் போனார். அவர் 2000-ல் ஓய்வூதிய வயதை எட்டியவர். பிரிட்டனின் உச்சபட்ச நீதி அமைப்பாக அன்று இருந்த பிரபுக்கள் சபை 2005-ல் வழக்கைத் தள்ளியது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2010 மார்ச்சில் 11-க்கு 6 என்ற கணக்கில் அதே முடிவுக்கு வந்தது. பிரிட்டனில் வசிப்பவரும் வெளிநாட்டில் வசிப்பவரும் ஒப்பிடத்தக்க நிலையில் இல்லை, வெவ்வேறு நாட்டில் விலைவாசி வெவ்வேறு என்பது வாதத்தின் சாரம்.

விலைவாசி வெவ்வேறு என்பது சரி. ஆனால் விலைவாசியே ஏறாத நாடு எது? அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.

உண்மையான காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போய் 15 வருஷம் தாண்டிய பிரிட்டன் குடிமக்களுக்கு 2024 ஜனவரி வரை ஓட்டுரிமை கிடையாது. உறைந்த பென்ஷன் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிக்க ஆரம்பித்து, நன்றாக வலிக்கும் நேரம் பார்த்து ஓட்டும் போய்விடும். உள்ளூர் முதியவர்களோ தவறாமல் ஓட்டுப் போடுபவர்கள். எந்தக் கட்சி யாருக்குப் பூட்டுப் போடும், யாரை மறக்கும் என்பதைப் புரிந்துகொள்ள இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை.

2025 ஜூலையில் கையெழுத்தான இந்தியா - பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தத்தோடு, சமூகப் பாதுகாப்புச் சந்தா பற்றியும் ஓர் உடன்பாட்டுக்கு இரு நாடுகளும் ஒத்துக்கொண்டன. தற்காலிக வேலைக்குப் போகிறவர் இரண்டு நாட்டிலும் சந்தா கட்ட வேண்டாம் என்பது அதன் நோக்கம். கம்பெனிகளுக்கு லாபம். ஏற்கெனவே சந்தா கட்டி முடித்து, இங்கே உறைந்த பென்ஷனோடு இருக்கும் முதியவர்கள் அதில் வரவில்லை. தில்லி அதைப் பெரிதாக வலியுறுத்தியதாகவும் தெரியவில்லை. வலியுறுத்த ஒரு தயக்கம் இருந்திருந்தால் அதில் ஆச்சரியமும் இல்லை. ஏனென்றால் சொந்த வீட்டுக் கணக்கு இதைவிட மோசம்.

வடக்கனந்தலுக்கு வருவோம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் பேரூராட்சி வடக்கனந்தல். பக்கத்திலேயே கச்சிராயபாளையம், கோமுகி அணை, கூட்டுறவு சர்க்கரை ஆலை. சுற்றிலும் கரும்பு, நெல், மரவள்ளி. வயசு முழுக்கக் கரும்பு வெட்டியும் களை பறித்தும் வாழ்ந்தவர்களுக்கு இங்கே பென்ஷன் என்றால் ‘ஓ.ஏ.பி பணம்’, அதாவது முதியோர் உதவித்தொகை.

தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 1962-ல் மாதம் 20 ரூபாயோடு தொடங்கியது. 2011-ல் 500-லிருந்து 1,000 ரூபாயானது. அதன் பிறகு? 12 வருஷம் உறைந்தே கிடந்தது. 2023 ஆகஸ்ட்டில்தான் 1,200 ஆனது. அந்த 12 வருஷத்தில் விவசாயத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீடு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. 2011-ன் 1,000 ரூபாய்க்கு ஈடு கட்ட 2023-ல் 2,000 ரூபாய்க்குப் பக்கத்தில் கொடுத்திருக்க வேண்டும். 200 ரூபாய் உயர்வு என்று அறிவிக்கப்பட்டது உண்மையில் ஒரு குறைப்பு. உயர்வு என்று சொல்லி மாலை போட்டுக்கொண்ட குறைப்பு.

இந்த 1,200-ல் மத்திய அரசு தன் பட்டியலில் உள்ளவர்களுக்குக் கொடுப்பது எவ்வளவு தெரியுமா? இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில், 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு மாதம் 200 ரூபாய். 80 தாண்டினால் 500. அந்த 200 ரூபாய், 2007-ல் திட்டத்துக்கு இந்தப் பெயர் வைத்தபோதே இருந்த தொகை. ஒரு நாளைக்கு 7 ரூபாய்கூட இல்லை. டீக்கடையில் ஒரு டீக்குப் போதாது. நாடாளுமன்றத்தின் ஊரக வளர்ச்சி நிலைக்குழு, இதை உயர்த்துங்கள் என்று திரும்பத் திரும்பப் பரிந்துரைத்திருக்கிறது. அரசு பதில் எழுதும், தொகை அப்படியே இருக்கும்.

ரேஷனில் அரிசி இலவசம், பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்பதால் இங்கே பட்டினி இல்லை. அதை மறுக்கக் கூடாது. ஆனால் எண்ணெய், பருப்பு, முட்டை, சுகருக்கும் பிரஷருக்கும் அரசு ஆஸ்பத்திரியில் இல்லாத மாத்திரை, மகன் வீட்டில் சோறு சாப்பிடுவதற்கு ஈடாகப் பேரனுக்கு வாங்கித் தரும் தின்பண்டம் எல்லாம் அந்த 1,200-ல்தான். கையில் சொந்தமாக நாலு காசு இருக்கும் முதியவருக்கும் இல்லாதவருக்கும் வீட்டில் கிடைக்கும் மரியாதை ஒன்றாக இருப்பதில்லை. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பணத்தை வாங்குவதிலும் ஒரு பாடு உண்டு. முன்பு தபால்காரர் மணியார்டராகக் கொண்டுவந்து கொடுத்தார். இப்போது வங்கிக் கணக்கு, கைரேகை. வாழ்நாள் முழுக்க மண்வெட்டி பிடித்த விரலில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். “ரேகை விழல ஆயா, நாளைக்கு வாங்க” என்பது சாதாரணமாகக் கேட்கும் வசனம். மலைக் கிராமத்திலிருந்து இறங்கி வந்தவருக்கு அந்த ‘நாளைக்கு’ என்பது இன்னொரு நாள் கூலி, இன்னொரு பயணம். பிரிட்டன் அரசும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ‘உயிரோடு இருக்கிறீர்களா’ என்று தபாலில் படிவம் அனுப்பும்; கையெழுத்தோடு திரும்பப் போகாவிட்டால் பணம் நிற்கும். இந்த விஷயத்தில் மட்டும் இரண்டு அரசுக்கும் நல்ல ஒற்றுமை!

சர்க்கரை ஆலை, மில், தனியார் கம்பெனி என்று சந்தா கட்டி வேலை பார்த்தவர்கள் கதை இன்னும் நேரடியாக பிரிட்டன் கதையோடு ஒட்டும். வருங்கால வைப்பு நிதி அமைப்பின் இ.பி.எஸ்-95 பென்ஷனில், கடைசிச் சம்பளச் சராசரியை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000 ரூபாய். அந்த உச்சவரம்பில் 14 வருஷம் வேலை செய்தவருக்கு 3,000 ரூபாய். 58 வயதில் அந்த 3,000 என்றால் 88 வயதிலும் அதே 3,000தான். விலைவாசியோடு ஏறும் ஏற்பாடே இதில் கிடையாது. குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். 7,500 ஆக்குங்கள் என்று ஓய்வூதியர்கள் பல வருஷமாகத் தில்லியில் உட்கார்ந்து போராடுகிறார்கள். நாடு முழுக்க 78 லட்சம் பேருக்கு மேல் இந்தப் பென்ஷன் வாங்குகிறார்கள். பிரிட்டனில் உறைந்தவர்கள் நாலரை லட்சம்.

இதே ஊரில் அரசுப் பள்ளி ஆசிரியராகவோ வருவாய்த் துறையிலோ இருந்து பழைய பென்ஷன் திட்டத்தில் ஓய்வு பெற்றவருக்கு, வருஷத்துக்கு இரண்டு முறை அகவிலைப்படி ஏறும். அதில் தப்பு எதுவும் இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். கேட்க வேண்டியது, பக்கத்து வீட்டில் கரும்பு வெட்டியவர் வாங்கும் பருப்புக்கு மட்டும் விலை ஏறாதா என்பதை. லண்டனில் உள்ளே, வெளியே என்று பிரித்த கோட்டை இங்கே அரசு ஊழியர், மற்றவர் என்று போட்டிருக்கிறார்கள்.

ஓட்டு விஷயத்தில் மட்டும் இங்கே கதை மாறுகிறது. வடக்கனந்தல் முதியவர்களுக்கு ஓட்டு இருக்கிறது, வரிசையில் நின்று போடவும் செய்கிறார்கள். அதனால் இவர்களைக் கட்சிகள் முழுதாக மறப்பதில்லை. ஆனால் உயர்வு வருவது தேர்தல் அறிக்கை வழியாக, ஒரு தலைவர் கொடுத்ததாக. அகவிலைப்படி மாதிரி தானாக ஏறினால் அறிவிக்க எதுவும் இருக்காது, நன்றி சொல்ல வைக்கவும் முடியாது. தொகை குறைவாக இருப்பதைவிட இந்த முறைதான் பெரிய கோளாறு. 1,200-ஐ நாளைக்கே 2,000 ஆக்கினாலும், குறியீட்டோடு கட்டாவிட்டால் மறுநாளே அது உறைய ஆரம்பித்துவிடும்.

கட்டுவது புதுசும் இல்லை. நூறு நாள் வேலைத் திட்டத்தின் கூலி, ஒவ்வொரு ஏப்ரலிலும் விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீட்டை வைத்துத்தான் திருத்தப்பட்டு வந்தது. அந்த உயர்வு போதாது என்ற விமர்சனம் வேறு விஷயம். ஆனால் யாரும் மனு கொடுக்காமலேயே ஏறியது. அதே குறியீட்டை 2007-ன் 200 ரூபாயோடு கட்டியிருந்தால், மத்திய அரசின் பங்கு மட்டும் இன்று 600 ரூபாயைத் தாண்டியிருக்கும். முதியோர் ஓய்வூதியத் திட்டம் தனிச் சட்டத்தின் கீழ் வருவதும் இல்லை, அரசு வழிகாட்டுதலில்தான் ஓடுகிறது. அதனால் நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவர வேண்டிய அவசியமும் இல்லை. அமைச்சரவை முடிவெடுத்து பட்ஜெட்டில் பணம் ஒதுக்கினால் போதும்.